வலப்பக்கப் பை

தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரு முழுக்கால்சட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து, நூலை உருட்டிப் போட்டு, பொத்தான்களை டப்பாவில் சேர்த்துவிட்டு, அடுப்பை அணைக்கவும் அவளே எழுந்து போவாள். பிரிப்பக்காவைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இப்படித்தான் அளந்து வைத்திருக்கிறேன். அதில் கொஞ்சம் அதிகப்படி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் கொதித்து, ஆறி, மறுபடி ஒரு தடவை கொதிக்க வேண்டும். மற்றதெல்லாம் நிஜம்.

நூலகத்தின் பின்பக்கம், பழைய நாளிதழ்களைக் கட்டிப்போடும் அறையில் வாரம் ஒருநாள் தையல் கூடும். ஊரார் கொடுக்கும் பழந்துணியைப் பிரித்து, துண்டுகளை இணைத்து, ஆஸ்பத்திரிக்கு மடிப்போர்வை செய்து கொடுப்பது வேலை. டயாலிசிஸ் வார்டில் ஒரு கையில் ஊசியோடு நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களுக்கு உடம்பு வெடவெடக்கும். உடம்பின் ரத்தமெல்லாம் குழாய் வழியே வெளியே போய் ஊர்சுற்றிவிட்டு வருகிறது, குளிராமல் என்ன செய்யும்? அவர்கள் மடியில் போட்டுக்கொள்ளத்தான் இந்தப் போர்வை.

தைப்பதற்கு ஆள் கிடைக்கும். பிரிப்பதற்குக் கிடைக்காது. புதுத்துணியில் தையல் ஓட்டுவது ஆசை. அடுத்தவர் போட்டுக் கழித்த சட்டையின் அக்குளைப் பிரிப்பது யாருக்கு ஆசை? பிரிப்பக்கா வந்த முதல் நாளே, பிரிக்க ஆளில்லாமல் மூட்டைகள் கிடந்த கோடியில் போய் உட்கார்ந்தாள். அவள் மகன் அதே வார்டில் அதே நாற்காலியில் நான்கு வருஷம் உட்கார்ந்திருந்து, ஒருநாள் எழுந்திருக்காமலே போனவன். ஊர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதை அவளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மருமகளும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டில் அவன் பேச்சு மட்டும் இல்லை.

"கல்யாணம் பேசற வீட்டுக்கு மட்டும் இந்த அக்காவைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க, மாப்பிள்ளையத் தனியா பொண்ணைத் தனியா பிரிச்சுக் குடுத்துடுவாங்க" என்று குண்டூசி கேலி செய்வாள். துண்டுகளைச் சேர்த்து ஊசி குத்துகிறவள் அவள். ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருக்கும் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாள். எடுத்துவிட்டால் பேச்சே ஊசிதான்.

அந்தக் கேலிக்குள் ஒரு பழைய காயம் இருந்தது. ஒரு சமயம் மூட்டையில் வந்த சட்டை ஒன்றிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்களை எடுத்துக் குண்டூசி தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிரிப்பக்கா பார்த்துவிட்டாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னாலும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு வீட்டுல யாரு செத்தாங்களோ, அழுதுகிட்டே குடுத்திருக்காங்க. அதை எடுத்துட்டுப் போய் எந்தச் சட்டைக்கு மாட்டப் போற?" என்று கேட்டாள். அன்றைக்கு ஒரு சட்டம் பிறந்தது: மூட்டைக்குள் வந்தது யார் வீட்டுக்கும் போகாது. அதை எந்தச் சுவரிலும் எழுதவில்லை. எழுதாமலே சுவரைவிடக் கெட்டியாக நின்றது. குண்டூசி சில வாரம் வராமலிருந்து, பிறகு வந்து, பிரிப்பக்காவுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம்.

இப்படி இருக்கையில் ஒரு மழைநாளில், பழந்துணி போட நூலக வாசலில் வைத்த பெட்டியில் கிடந்த மூட்டை ஒன்று பிரிப்பக்கா முன்னால் வந்தது. முடிச்சை அவிழ்த்தாள். கட்டம்போட்ட படுக்கை விரிப்பு. ஒரு பள்ளிக்கூடப் பாவாடை. அதற்கடியில் நீலச்சட்டை. கையை விட்டு உருவியவளுக்குக் கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் சொல்லிவிட்டது. வலது கையில் தோள்பட்டையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வரிசையாக பிரஸ் பட்டன்.

எந்தக் கடையிலும் அப்படி ஒரு சட்டை விற்கமாட்டான். அவள் மகன் இடக்கைப் பழக்கக்காரன். அதனால் ஊசி ஏற்ற வலது கையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். குளிரில் சட்டையைக் கழற்றாமல் கையை மட்டும் திறந்துவிட வேண்டும் என்று அவள்தான் சட்டைக் கையின் தையலைப் பிரித்து பட்டன் வைத்துத் தைத்தாள். சட்டைப்பை இடப்பக்கம் இருந்தால் இடக்கையை மடக்கித் துழாவ வேண்டியிருக்கிறது என்றான். பையைக் கழற்றி வலப்பக்கம் வைத்துத் தைத்தாள். கண்ணாடி, கைப்பேசி, ஒரு மிட்டாய், எல்லாம் அதற்குள்தான்.

பிரிப்பக்கா சட்டையைச் சுருட்டித் தொடைக்கு அடியில் தள்ளினாள். பாவாடையை எடுத்து மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். கத்தி நூலை விட்டுத் துணியில் இறங்கியது. இத்தனை வருஷத்தில் அவள் துணியைக் கிழித்தது அன்றுதான்.

எல்லோரும் தேநீருக்கு எழுந்து போனார்கள். குண்டூசி மட்டும் இரண்டு தம்ளரோடு திரும்பி வந்து, ஒன்றை அவள் முன்னால் வைத்துவிட்டு, உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் குத்தினாள்.

"அக்கா, உங்களுக்கு அடியில ஒரு கை தொங்குது."

பிரிப்பக்கா குனிந்து பார்த்தாள். நீலக்கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவசரமாக மேலே இழுத்துக்கொண்டாள்.

"பையில வச்சுக்கங்க. நான் பாக்கல."

"நீ பாக்கலன்னா நான் எடுக்கலன்னு ஆயிடுமா?"

"அன்னைக்கு நான் எடுத்தது வெறும் பொத்தான்கா. கை பூரா பட்டன் வச்ச சட்டை, இது உங்க பிள்ளை."

பிரிப்பக்கா தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாளே தவிர குடிக்கவில்லை. "அந்தப் பொத்தான் உனக்கு எதுக்கு?" என்றாள்.

"எங்கப்பா சட்டையில அதே மாதிரி இருந்துச்சு. அவரு போனப்ப நான் கூட இல்ல. ஒரு சாமானும் என் கைக்கு வரல. அன்னைக்குக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் கேக்கல."

"ஆமா. கேக்கல."

பிரிப்பக்கா சட்டையை வெளியே எடுத்து மேஜைமேல் விரித்தாள். எடுத்துக்கொண்டு போகச் சொல்ல அந்த அறையில், அந்தச் சட்டத்தால் தலைகுனிந்த ஒருத்திக்குத்தான் உரிமை, அவளே சொல்லிவிட்டாள். அதனாலேயே எடுத்துக்கொண்டு போக முடியாமல் போயிற்று. பிறகு கத்தியைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். சாயங்காலம் வரைக்கும் இதே கதை. தேநீர் முடித்து வந்த மற்றவர்கள் மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

மழைக்குக் குடையோடு மருமகள் அழைத்துப்போக வந்தாள். கடை வேலை முடிந்து நேரே வருகிறவள், தோளெல்லாம் நனைந்திருந்தது. மேஜையைப் பார்த்தவள் குடையை மடக்க மறந்து நின்றாள்.

"நீயா போட்ட?" என்றாள் மாமியார்.

"ஆமா அத்தை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா, இருக்கட்டும்மான்னு சொல்லுவீங்க. நானும் சரின்னு விட்டுடுவேன். அவரு துணி இருக்கற அந்த பீரோவை நீங்களும் தொறக்கறதில்ல, நானும் தொறக்கறதில்ல. என் துணி பூரா கொடியிலயே கெடக்கு. மழை வந்தா கட்டிக்கக் காஞ்ச துணி இல்ல அத்தை."

குண்டூசி எழுந்து நனைந்த குடையை வாங்கி மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள்.

"தூக்கிப் போட்டிருக்கலாமே" என்றாள் பிரிப்பக்கா.

"போட மனசு வரல. வேற யாரு கத்தியும் அது மேல படக்கூடாது. பிரிச்சா நீங்கதான் பிரிக்கணும். நேரா வந்து கேக்க தைரியம் இல்ல, மூட்டையில வச்சுட்டுப் போயிட்டேன்."

பிரிப்பக்கா மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருந்தாளோ, அதையெல்லாம் விழுங்க நேரம் வேண்டியிருந்தது. பிறகு பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்தினாள்.

"உக்காரு. அந்த ஓரத்தை இழுத்துப் பிடி. தளர விடாதே, துணி கிழியும்."

மருமகள் பிடித்தாள். மாமியார் கத்தியை இறக்கினாள். முதலில் பிரஸ் பட்டன்கள், பிறகு கழுத்துப் பட்டை, பிறகு தோள். கடைக்காரன் தைத்த இடமெல்லாம் வெண்ணெயாகப் பிரிந்தது. அவள் தைத்த இடம் அசையவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் நெம்பி நெம்பி எடுக்க வேண்டியிருந்தது.

"இவ்வளவு கெட்டியாவா தைப்பாங்க?" என்றாள் குண்டூசி.

"ஒவ்வொரு தடவையும் அவசரத்துல பிடிச்சு இழுப்பான். நர்ஸம்மாவுக்கு முன்னாடி இவனே தொறந்துக்கணும், அப்படி ஒரு ரோஷம்" என்றாள் பிரிப்பக்கா.

"உங்ககிட்ட இருந்து வந்ததுதானே" என்றாள் மருமகள்.

அந்த வீட்டில் அவன் பேச்சு மறுபடி தொடங்கியது அப்படித்தான். வீட்டில் இல்லை, பழைய பேப்பர் அறையில். அவன் மிட்டாய்த் தாளைப் பைக்குள்ளேயே விட்டுவைத்து எறும்பு ஏறியதைச் சொன்னாள் மருமகள். மாமியாருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த வழியிலேயே இன்னொன்றும் வரப் பார்த்தது. கத்தியை வைத்துவிட்டுச் சற்றுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பிறகு மறுபடி எடுத்தாள்.

நீலச்சட்டை போர்வையாகி வார்டுக்குப் போய்விட்டது. யார் மடியில் கிடக்கிறதோ தெரியாது. மருமகளின் துணி இப்போது பீரோவில் இருக்கிறது. தான் தைத்ததைத் தானே பிரித்து, கடைசி முடிச்சு வரைக்கும் ஒரு தையல் மிச்சம் வைக்காமல் எடுத்துப் போட்டாள் எங்கள் பிரிப்பக்கா. தையல் நாளில் எல்லோர் முன்னாலும் இதைப் படித்துக் காட்டி, இப்படி முடித்தேன்.

குண்டூசி உதட்டிலிருந்த ஊசிகளை எடுத்தாள்.

"மிச்சம் வைக்கலையா? நல்லா எழுதினீங்க போங்க. துண்டுகளைச் சேத்து ஊசி குத்தினது நானு. வலப்பக்கத் துண்டு பையோடதான் என் கைக்கு வந்துச்சு. மறந்துட்டாங்களோன்னு, 'அக்கா, இதைப் பிரிக்கலையே'ன்னு நீட்டினேன். 'அது இருக்கட்டும், ஒரு கைதான் சும்மா இருக்கும் அவங்களுக்கு, கண்ணாடி வைக்க ஒரு இடம் வேணாமா'ன்னாங்க. அந்தப் போர்வையில பை இருக்கு. மாத்தி எழுதுங்க."