கௌசல்யாவின் வண்டி குடித்த தண்ணீர்

ஆரியசாலைச் சந்துக்குள் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டி வந்து, இருபுறமும் அரிசி மூட்டை அடுக்கிய கடைகளுக்கு நடுவில் ஒரே முயற்சியில் நிறுத்துகிறவர்கள் திருவனந்தபுரத்தில் அதிகம் பேர் கிடையாது. கௌசல்யா நிறுத்துவாள். அதுவும் சும்மா இல்லை, குறுக்கே ஸ்கூட்டரை விட்டவனை ஜன்னல் வழியாகத் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறித் திட்டிக்கொண்டே நிறுத்துவாள். சுமை இறக்குகிறவர்கள் கையில் டீயோடு நின்று அதை வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, பார்க்கட்டுமே!

களக்காட்டுப் பக்கத்துப் பெண். கட்டட வேலைக்கு வந்த புருஷன் உச்சிமாகாளியோடு இந்த ஊருக்கு வந்தவள். அவன் கொஞ்ச காலம் செங்கல் சுமந்தான், பிறகு ஆரியசாலையில் மூட்டை சுமந்தான். அவள் பகவதிப்பெருமாள் அண்ணாச்சியின் மொத்தக் கடையில் பருப்பும் மல்லியும் பொட்டலம் கட்டினாள். அண்ணாச்சி தன் பழைய டீசல் பிக்கப்பைத் தள்ளிவிடப் பார்த்தபோது, "எங்களுக்குக் குடுங்க" என்று கேட்டது அவள்தான். உச்சிமாகாளி திகைத்துப் போனான். அவனுக்கு ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். ஓட்ட ஆசை கிடையாது.

அந்த மனுஷனைக் குறை சொல்லக் கூடாது. நெல் மூட்டையைத் தலையணை மாதிரி தூக்குகிறவன். ஆனால் விதுரை தாண்டி மலை வளைவு ஆரம்பித்தால் போதும், ஊரில் இருக்கிற சாமி பேரெல்லாம் வாயில் வரும். பக்கத்தில் உட்கார்ந்து கௌசல்யா "கியரை மாத்துங்க, கியரை மாத்துங்க" என்று கத்துவாள். கடைசியில் ஒருநாள் அவன் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட்டான். "ஏட்டி, இந்த வாய்க்கு நீயே ஓட்டு" என்றான். அவன் கோபத்தில்தான் சொன்னான். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். லைசென்ஸ் எடுத்தாள், ஓட்டினாள். பொன்முடி அடிவாரத்தில் கல்லாற்றங்கரையில் இருக்கிற சின்னச் சின்னக் கடைகளுக்கெல்லாம் அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் அவள் வண்டியில்தான் போய்ச் சேர்ந்தன. 'கல்லாறு லைன்' என்றால் அது கௌசல்யா. தன் வாழ்க்கையில் தானாக உண்டாக்கிக்கொண்டது என்று சொல்ல அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அந்த லைனுக்குத்தான் ஓணம் நெருங்குகிற நேரத்தில் ஆபத்து வந்தது. வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது.

காலையில் ரேடியேட்டரில் கழுத்து வரைக்கும் ஊற்றிவிட்டுப் போவாள். கல்லாற்றில் சூடு ஆறியபின் திறந்து பார்த்தால் பாதி இருக்காது. கீழே ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. ரப்பர் குழாய்களை மாற்றியாயிற்று. ரேடியேட்டர் மூடியை மாற்றியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுலா வந்தவர்கள் டீக்குக் காத்துக்கொண்டிருக்க, சர்க்கரை மூட்டையோடு வண்டி நடுவழியில் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கல்லாற்றுக் கடைக்காரர்கள் அண்ணாச்சிக்குப் போன் மேல் போன் போட்டார்கள்.

அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் பயம்.

"பிள்ளே, ஒன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல, கேட்டியா? ஆனா லிங்கராஜ் புது வண்டி எடுத்திருக்கான். கல்லாறு லைன் தாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். ஓணச் சரக்கு போற அன்னைக்கு வழியில நின்னுச்சுன்னா, நான் அவனுக்குத்தான் குடுக்கணும்."

"நிக்காது அண்ணாச்சி" என்றாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நேரே கிள்ளிப்பாலத்துக்கு, பிபினின் வர்க்‌ஷாப்புக்குப் போனாள். பிபின் பொறுமையான பையன், வேலையில் கள்ளம் கிடையாது. ஆயிலை எடுத்துப் பார்த்தான், தண்ணீர் கலந்த அடையாளம் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் குமிழி வருகிறதா என்று பார்த்தான், வரவில்லை. அடியில் படுத்தும் பார்த்தான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"சேச்சி, வெளிய எங்கயும் லீக் இல்ல. அப்ப தண்ணி உள்ளதான் போகணும். எஞ்சின் மேல மூடியிருக்கிற ஹெட்டுக்கு அடியில உள்ள கேஸ்கட்டா இருக்கும். லோடு வச்சு ஏத்தம் ஏறும்போ மாத்ரம் உள்ள இழுக்குதாயிருக்கும். ஹெட்டை எறக்கி லேத்துக்கு விடணும். ஆனா லேத்துல இப்ப நல்ல திரக்கு, வேலை குவிஞ்சு கெடக்கு. ஓணம் கழிஞ்சுதான் கிட்டும்."

"உள்ள போனா வெள்ளைப் புகை வரணும்லா? நான் கண்ணாடியில பாத்துக்கிட்டேதானே போறேன். வரலியே!"

"அதான் எனக்கும் மனசிலாகல" என்றான் பிபின்.

வீட்டில் இதைச் சொன்னபோது உச்சிமாகாளி ஒன்றும் பேசாமல் சோற்றைப் பிசைந்தான். அவன் பேசாமல் இருந்தால் எதையோ செய்யப் போகிறான் என்று அர்த்தம். இருந்த கவலையில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஓணச் சரக்குக்கு முந்தின நடை. அன்று காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி வைத்தது உச்சிமாகாளி. விதுரையை எட்டும்போதே சூட்டு முள் மேலே ஏறியது, முன்னைவிடச் சீக்கிரமாகவே. ஓரமாக நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, துணி வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் சாம்பார் நிறத்தில் இருந்தது. விரலை விட்டு முகர்ந்தாள். மஞ்சள்! சுத்தமான மஞ்சள் பொடி!

அங்கேயே நின்று புருஷனுக்குப் போன் போட்டாள்.

"வண்டிக்குள்ள என்னத்தப் போட்டீங்க?"

"மஞ்சப் பொடிட்டி. பழைய லாரிக்காரனுவ எல்லாம் போடுவானுவ. சின்ன ஓட்டை இருந்தா அடச்சிரும்லா? ஒரு கை போட்டேன். பத்தாதோன்னு இன்னொரு கை..."

"ஓட்டையை அடச்சுதோ இல்லியோ, ரேடியேட்டரை அடச்சிட்டீங்க! கொழம்பு வைக்கவா வண்டி வச்சிருக்கேன்? ஒங்களுக்கு அறிவு இருக்கா?" சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. திட்டித் தீர்த்துவிட்டுப் போனை வைத்தாள். வைத்த பிறகு அழுகை வந்தது. ஒரே ஒருநாள்தான் பாக்கி, இருக்கிற வண்டியும் போச்சே என்று அழுதாள்.

முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போனபோதுதான் பார்த்தாள். தண்ணீரில் விட்ட விரல் பட்டு முந்தானையில் மஞ்சள் கறை. இது போகவே போகாதே, எத்தனை சோப்புப் போட்டாலும் நிற்குமே என்று சலித்துக்கொண்டவள், அப்படியே நின்றாள்.

மஞ்சள் பட்ட இடத்தில் கறை நிற்கும். தண்ணீர் ஆவியாகப் போனாலும் மஞ்சள் எங்கே போகும்? தண்ணீர் எஞ்சினுக்கு உள்ளே போகிறதென்றால் வெளியே மஞ்சளே இருக்காது. வெளியே எங்காவது போகிறதென்றால், போகிற வழியில் மஞ்சள் இருந்தே ஆக வேண்டும்!

பானட்டைத் தூக்கினாள். குழாய்களில் இல்லை. ரேடியேட்டரில் இல்லை. தண்ணீர் பம்பில் இல்லை. பாக்கி இருந்தது எஞ்சினின் பின்புறம் மட்டும்தான். கேபினுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கை நுழையலாம், தலை நுழையாது. கைப்பையில் இருந்த பொட்டுக் கண்ணாடியை அந்த இடுக்கில் பிடித்து, போன் வெளிச்சத்தை அடித்தாள்.

இருந்தது. எஞ்சினின் பின்னால் ஒரு சின்ன வட்டத் தகடு. அதன் ஓரத்தில் ஆரம்பித்து, கீழே புகைக்குழாய் வரைக்கும் காய்ந்துபோன மஞ்சள் கோடு. தாலிச் சரடு மாதிரி அவ்வளவு மஞ்சளாக இருந்தது. கௌசல்யா நடுரோட்டில் தன்னந்தனியாக நின்று சிரித்தாள்.

படம் எடுத்து பிபினுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டான். "அய்யோ சேச்சி! அது டம்மி, எஞ்சின் ஓட்டையை அடைக்கிற தகடு! துருப் பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கு. வண்டி சமதரையில நின்னா வராது. சூடாகி ஏத்தம் ஏறும்போ மாத்ரம் வெளிய சாடும். சாடினது சூட்டுக் குழாய்ல விழுந்து ஆவியாயிடும். பின்ன கீழ எங்கன சொட்டும்? நான் அவிட நோக்கவே இல்ல." அவன் குரலில் இருந்த சந்தோஷம் அவள் சந்தோஷத்துக்குக் குறைந்ததில்லை. "ஹெட்டைத் தொடவே வேண்டாம். கொண்டு வா சேச்சி!"

இருந்த சரக்கை இறக்கிவிட்டு, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றி ஊற்றி வண்டியைக் கொண்டுவந்தாள். பிபின் துருப்பிடித்த தகட்டைத் தட்டி எடுத்தான். குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை. புதுத் தகடு அடித்தான். பிறகு ரேடியேட்டரைத் திறந்து கழுவ ஆரம்பித்தார்கள். கழுவக் கழுவ மஞ்சள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கிள்ளிப்பாலத்து ஓடையில் யாரோ கல்யாணம் நடத்தினது போல ஆகிவிட்டது. தெளிந்த தண்ணீர் வந்த பிறகுதான் புதுக் கூலண்ட் ஊற்றினான். உச்சிமாகாளி ஓரமாக நின்றான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எப்படியும் நான் போட்ட மஞ்சள்தானே காட்டிக் குடுத்துது?" என்றான். கௌசல்யா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பிபின் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் ஓணச் சரக்கு. வாழைக்காய் உப்பேரி வறுக்க எண்ணெய் டின், பாயசத்துக்கு வெல்லமும் அரிசி அடையும், பப்படம் என்று கயிறு கட்ட இடமில்லாமல் ஏற்றினார்கள். வண்டியைக் கிளப்பப் போகிற நேரம் பகவதிப்பெருமாள் அண்ணாச்சி கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "நானும் வாறேன்" என்றார்.

நெடுமங்காடு வரைக்கும் அவர் சூட்டு முள்ளையே பார்த்தார். விதுரை தாண்டியதும் முள்ளையும் பார்த்தார், ரோட்டையும் பார்த்தார், ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார். கௌசல்யா முள்ளைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் பார்க்காத நேரமாகத்தான் பார்த்தாள். முள் நடுவில் நின்றது. ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் முனகியது, முள் அசையவில்லை.

கல்லாற்றில் இறங்கியதும் அண்ணாச்சி பானட் பக்கம் போனார். "திற பாப்போம்."

"இப்ப திறந்தா முகத்துல தெறிக்கும் அண்ணாச்சி. சரக்கு எறங்கட்டும். நீங்க டீ குடிங்க."

கடை கடையாகச் சரக்கு இறங்கியது. எல்லாம் முடிந்து, எஞ்சின் ஆறி, அவள் மூடியைத் திறந்தாள். அண்ணாச்சி தானே விரலை விட்டார். நகம் உள்ளே போகும் முன்பே ஈரம் பட்டது. காலையில் ஊற்றினது அப்படியே கழுத்தளவு நின்றது. அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய் சீட்டில் உட்கார்ந்தார்.

இறக்கத்தில் வரும்போது பார்த்தாள். மனுஷன் வாயைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வளைவுகளில், அவள் ஓட்டுகிற வண்டியில்! அவளுக்கு நெஞ்சு விரிந்தது.

போன் அடித்தது. அண்ணாச்சி கண்ணைத் திறக்காமலே காதில் வைத்தார்.

"ஆங், சொல்லு லிங்கராஜ்... இல்லப்பா. கல்லாத்துக்கு ஆள் இருக்கு... இல்ல, இனிமேலும் கேக்காத. அது அந்தப் பிள்ளைக்க லைன்."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார். கௌசல்யா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவாள், அண்ணாச்சி பக்கத்தில் வைத்து அழ அவள் தயாரில்லை. முன்னால் ஒரு வளைவு வந்தது. எதிரில் யாருமே இல்லை. ஆனாலும் ஹாரனை நீளமாக, மலை கேட்கிற மாதிரி அடித்தாள்.