வயலின் வழியாகப் போனவன்

வியாசர்பாடி பாரிக்குத் தேடுவதென்றால் ஒரே வழிதான். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கம்பி சுமப்பவர்களுக்கு ஏன் காது மந்தமாகிறது என்பது அவன் ஆராய்ச்சி. இணையத்தில் இரும்பு, இரைச்சல், காது என்று போடுவான். வந்த கட்டுரையை அடிவரைக்கும் படிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டான்.

கூட ஆராயும் ஷிபின் ராயபுரத்து மளிகைக்கடைக்காரர் மகன். புளி வாங்க வந்தவருக்கு ஊதுவத்தியை ஞாபகப்படுத்தி விற்கும் வீட்டில் வளர்ந்தவன். ஒன்றைப் பாதி படிப்பான், அங்கிருந்து தாவி வேறெங்கோ போய் நிற்பான். பேராசிரியை மகிமாவிடம் சம்பளத்தோடு ஒரே ஓர் இடம் காலி. இரண்டு பேருக்கும் அதன்மேல்தான் கண்.

ஒருநாள் ஷிபின் வந்து சொன்னான்: "மாமு, வயலின் வாசிக்கிறவங்களுக்கு இடது காதுதான் அதிகம் மந்தமாவுதாம். வயலின் அந்தப் பக்கந்தானே கீது? நம்ம ஆளுங்க கம்பிய எந்தத் தோள்ல போட்டுகினு போறாங்கோ?"

பாரி எரிந்து விழுந்தான். "தேடப் போனியா, கச்சேரி கேக்கப் போனியாடா?"

"போற வழில கண்ல பட்டுச்சு மாமு."

படுமாம்! மாதக்கணக்கில் குனிந்து கிடந்தவனுக்குப் படாதது, இந்த ஊர்சுற்றிப் பயலுக்குப் போகிற வழியில் படுமாம்.

பொய்யென்று காட்டியே தீருவதென, காது சோதிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு, சந்தை ஓய்ந்த ஞாயிறுகளில் போய் உட்கார்ந்தான். சுமப்பவர்களை வரவழைத்துச் சோதித்தான், ஓர் ஆளை விடவில்லை. வலது தோளில் சுமப்பவருக்கு வலது காது மந்தம், இடது தோளில் சுமப்பவருக்கு இடது காது. வந்தவர்கள் எல்லாரும் ஷிபின் பக்கமே சாய்ந்தார்கள்.

அங்கேயே வலது தோளில் கம்பி தூக்கும் அப்பன் கோதண்டத்திடம் வீட்டில் கேட்டான்: "நைனா, போன ஏன் எப்பவும் இடது காதுல வைக்கிற?"

"அதுல வெச்சாத்தான்டா உங்கம்மா திட்றது கேக்குது."

வீட்டுக்குள்ளேயே கிடந்ததை எவனோ வயலின் வழியாகப் போய் எடுத்திருக்கிறான்.

மகிமா கூப்பிட்டுக் கேட்டார்: "ஷிபின் யோசனை தேறுமா பாரி? சோதிச்சது நீங்கதானே?"

இல்லையென்று ஒரு சொல் போதும், இடம் இவனுக்கு. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஆள் ஆளாகச் சோதித்தது இவன் கை. அதை இவனே எப்படிப் பொய்யாக்குவது?

"தேறும் மேடம்."

யோசனை யாருடையதோ இடமும் அவருக்கே என்று ஷிபினுக்குக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் ஷிபின் பாரியின் தோளில் கைபோட்டான். "நீ பாக்கலன்னா நான் சொன்னது வெறும் கதை மாமு. கட்டுரைல உன் பேரும் போடறேன்."

"போடு. எனக்கு மின்னாடி உன் பேரத்தான போடுவ?" என்றான் பாரி. "கைய எடு. இன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தாலே பேஜாரா கீது."