ஜப்பான்காரர் வைத்த உப்பு

பேசுவதென்றால் எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். கல்யாண வீட்டில்கூட காது கேட்காத பெரியவர் யாராவது பந்தியில் இருக்கிறாரா என்று பார்த்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்படிப்பட்ட நான் எட்டு வயதில் ஒரு நாள் காலையில் வாயைத் திறந்து பேசி எங்கள் வீட்டைக் காப்பாற்றினேன். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை. என்னிடம் வேறு பெருமை அதிகம் கிடையாது.

ரங்கூனில் பசுந்தாங் கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு இருந்தது. மரவீடு, தகரக் கூரை. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே அரிசி ஆலையில் வேலை பார்த்தார்கள். இரண்டு பேர் சம்பளத்தை நம்பித்தான் அதை வாடகைக்கு எடுத்தார்கள். அதற்கு முன்னால் அம்மா, கல்யாணமாகிக் கப்பலேறி வந்த புதிதில், கூலிகளின் கொட்டடியில் குடித்தனம் செய்தவள். ஐம்பது ஆண்கள் படுக்கும் கூடத்தின் மூலையில் ஒரு சாக்குத் திரை. அதற்குப் பின்னால் அடுப்பு, படுக்கை எல்லாம். நான் பிறந்ததும் அந்தச் சாக்குக்குப் பின்னால்தான். புது வீட்டுக்கு வந்த அன்று அம்மா வாசல் கதவைப் பத்துத் தடவை மூடித் திறந்து பார்த்தாளாம்.

இரண்டு மழைக்காலம் அந்த வீட்டில் நன்றாகத்தான் இருந்தோம். மூன்றாவது மழைக்காலத்தில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, ஒன்பதாம் நாள் முன்னறையில் இறந்துபோனார். ஒரு சம்பளம் நின்றது. முன்னறைக்கு ஆள் வைத்தால் வீடு நிற்கும், இல்லாவிட்டால் மறுபடியும் கொட்டடிதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்று முதல் அம்மா சாக்கு எதைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆள் வராமல் இல்லை. வந்தவர்கள் நிற்கவில்லை. முதலில் வந்த பர்மியத் தையல்காரர் பதினோரு நாள் இருந்தார். அறையில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி, மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். கூரையில் ஒரு பெரிய பல்லி இருந்தது; ‘தௌத்தே, தௌத்தே’ என்று கத்தும். அந்தச் சத்தத்தை அவர் பிறந்ததிலிருந்து கேட்டவர்தான். எங்கள் வீட்டில் மட்டும் அது சித்தப்பாவாகிவிட்டது. அடுத்து வந்த தஞ்சாவூர்க்காரர் மூலைக்கடையில் வெற்றிலை வாங்கப் போனார். கடைக்கார பாயிடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பெட்டியை வண்டியிலிருந்து இறக்காமலே திரும்பிவிட்டார். தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நானும் பள்ளிக்கூடத்திலிருந்து அவர்களோடு வரும்போது, வித்தியாசம் தெரியக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்குள் நுழைவேன்.

இந்த நிலைமையில் என் மாமா ஒரு ஜப்பான்காரரை அழைத்துவந்தார். மாமா அம்மாவுக்குத் தம்பி. கப்பலடியில் வருகிறவர் போகிறவர்களுக்கு வீடும் வேலையும் பார்த்துக் கொடுப்பவர். நாலு பாஷை தெரியும் என்பார்; நாலாவது எது என்று யாருக்கும் தெரியாது. ஜப்பான்காரர் போட்டோ எடுப்பவர். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, கையில் எப்போதும் ஒரு தோல்பெட்டி. பர்மாவில் வாத்தியார், வைத்தியர், தொழில் தெரிந்தவர் எல்லாருமே ‘சயா’தான். நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். ரங்கூனில் எல்லாரும் பேசுகிற கடைத்தெரு இந்துஸ்தானியில் கொஞ்சம் பர்மா பாஷையைக் கலந்து பேசுவார். அதை மாமா அம்மாவுக்குத் தமிழில் சொல்வார். தெருவில் விளையாடியே இரண்டையும் கற்றுக்கொண்ட நான் கதவோரம் நின்று கேட்பேன்.

முன்னறைக்கு வடக்குப் பார்த்த ஜன்னல் இரண்டு. போட்டோ எடுக்க அந்த வெளிச்சம்தான் வேண்டுமாம். சயாவுக்கு அறை மிகவும் பிடித்துவிட்டது. பிறகு அவர் கூரையை அண்ணாந்து பார்த்து, இந்த வீட்டில் யாராவது இறந்ததுண்டா என்று கேட்டார்.

மாமா கண்ணை இமைக்கவில்லை. இந்த வீட்டில் கொசுகூடச் செத்ததில்லை என்றார்.

சயா விளக்கம் சொன்னார். அவர்கள் ஊரில், இறந்தவரின் ஆவி நாற்பத்தொன்பது நாள் அந்த வீட்டுக் கூரையை விட்டுப் போகாதாம். வீட்டார் நன்றாகப் பார்த்து அனுப்பியிருந்தால் பிறகு போய்விடும். யாரும் பக்கத்தில் இல்லாமல், கேட்டது கிடைக்காமல் இறந்தவர் போகமாட்டார், அங்கேயே நிற்பார். வெள்ளைத் துணி, விரித்த தலைமுடி, காலே இருக்காது. மாமா இதைத் தமிழில் சொல்லும்போது தன் பங்குக்கு இரண்டு பல்லையும் சேர்த்துக்கொண்டார்.

“நம்ம ஊருப் பேய்க்கும் கால் தரையில படாதேடா தம்பி. அத்தன கடலுக்கு அந்தாண்டயும் இதே பேய்தானா?” என்றாள் அம்மா.

சயா தோல்பெட்டியிலிருந்து இரண்டு சின்னத் தட்டுகளையும், இறுக மூடிய டப்பியில் கொஞ்சம் உப்பையும் எடுத்தார். தட்டுகளில் உப்பைக் கோபுரம்போல் குவித்து, அறை வாசலின் இரண்டு பக்கமும் வைத்தார். உப்பு கெட்டதை உள்ளே விடாது. மூன்று நாள் வைத்துப் பார்ப்பேன், காய்ந்தபடி இருந்தால் குடிவருகிறேன் என்றார். தண்ணீராகிவிட்டால் உள்ளே யாரோ இருக்கிறார் என்று ஊரில் அவருடைய அம்மா சொல்லுவார்களாம்.

அவர் ரங்கூனுக்கு வந்தது மாசி மாதத்தில்; கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர், மழை தொடங்கியபின் எந்த உப்பு ஜாடியையும் திறந்து பார்த்ததில்லை. இது ஆவணி. ரங்கூன் மழையில் நெருப்புப்பெட்டி எரியாது, செருப்பில் காளான் முளைக்கும். அவர் தெருமுனை திரும்புவதற்குள் உப்புக் கோபுரத்தின் உச்சி சரிந்துவிட்டது.

மாமா அசரவில்லை. அம்மா இரும்புச் சட்டியில் உப்பை வறுக்க வேண்டியது. சயா வருவதற்குச் சற்று முன்னால் மாமா ஈர உப்பைக் கொட்டிவிட்டு வறுத்த உப்பைக் குவிக்க வேண்டியது. முதல் நாள் சயா வந்து விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாம் நாளும் அப்படியே. அம்மாவுக்கு மனசு உறுத்தியது. உப்பை வைத்துப் பொய் சொல்கிறோமே என்றாள். “பொய் நான் சொல்றேன், வறுக்கிறது மட்டும்தானக்கா நீ” என்று மாமா சமாதானம் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் மாமாவைக் கப்பலடிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். உப்பு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு கையில் உருகிய உப்புத்தட்டு, மறுகையில் சூடான உப்பு வைத்த வாழையிலை. வாசலில் நிழல் விழுந்தது. சயா அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்.

என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டார். நான் பேசவில்லை. உள்ளேயிருந்து அம்மா, “என்னடா கேக்குறாரு?” என்றாள். அதற்கும் பேசவில்லை. அவர் தட்டிலிருந்த தண்ணீரைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். குனிந்து தம் தட்டுகளை எடுத்து, துடைத்து, கைக்குட்டையில் சுற்றத் தொடங்கினார். அது எனக்குப் புரிந்தது. அதற்கு அடுத்தது கொட்டடி என்பதும் புரிந்தது.

“எங்க வீட்டு உப்பு எல்லாமே இப்படித்தான் சயா,” என்று அவர் பேசுகிற இந்துஸ்தானியிலேயே சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அடுப்படிக்கு ஓடி உப்பு ஜாடியைத் தூக்கிவந்து காட்டினேன். உள்ளே பாதி தண்ணீர். அவர் விரலை விட்டுப் பார்த்தார். அடுப்படியிலும் யாராவது இறந்தார்களா என்று கேட்டார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மழையிலேயே மூலைக்கடைக்குப் போனேன். அங்கே உப்பு மூட்டை பலகைமேல் இருந்தது. அடியில் வைத்திருந்த தகரத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. தகரம் நிறைந்துவிட்டது.

பாய் என்னைத்தான் பார்த்தார். “ஏன்டா, நீ பேசுவியா? இத்தனை நாளு ஊமைன்னுல்ல நெனச்சிக்கிட்டு, கூட ஒரு வெல்லத்துண்டு குடுத்தேன்.”

சயா தகரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். ரங்கூன் முழுக்க ஆவிதான் போலிருக்கிறது என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபோதுதான் நான் செய்த தவறு உறைத்தது. வீட்டுக் கதையெல்லாம் தெரிந்த ஒரே ஆளிடம் அவரை நானே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். பாய் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, இவர் யார், எந்த வீடு என்று இந்துஸ்தானியில் ஆரம்பித்தார்.

நான் முந்திக்கொண்டேன். “என் சித்தப்பா அந்த அறையிலதான் செத்துப்போனாரு.”

சயா குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார். அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். அப்பா அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார், அம்மா இளநீர் ஊட்டினாள், நான் காலைப் பிடித்துவிட்டேன் என்றேன்.

“கடைசியில் ஏதாவது கேட்டாரா?”

“சாப்பிட்டியாடான்னு என்னைக் கேட்டாரு.”

“நீ என்ன சொன்னாய்?”

“சாப்பிட்டேன்னு சொன்னேன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மை சொல்லத் தொடங்கியபின் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. “ஆனா சாப்பிடல. அன்னிக்கு அடுப்பே மூட்டல.”

சயா நிமிர்ந்து, “அப்படியானால் அவர் நிம்மதியாகப் போய்விட்டார்,” என்றார். கோட்டிலிருந்த தண்ணீரைத் தட்டிவிட்டு, பெட்டிகளை மத்தியானம் கொண்டுவருவதாக உன் அம்மாவிடம் சொல் என்றார்.

ஓடினேன். வாசலிலேயே நின்று கத்தினேன். நான் கத்தி அம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கையில் கரண்டியோடு வந்து, செய்தியைக் கேட்டு, என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராகப் போய் வாசல் கதவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். சாயங்காலம் மாமா வந்தார். தான் வறுக்கச் சொன்ன உப்புதான் காரியத்தைச் சாதித்தது என்று தெருவெல்லாம் சொன்னார். நான் மறுக்கவில்லை. அன்றைய பேச்சு எனக்குக் காலையிலேயே தீர்ந்துவிட்டது.

சயா குடிவந்த பத்தாம் நாள், வாடகைக்கு முன்னால் ஒரு மரியாதை என்று, எங்களையெல்லாம் வைத்து ஒரு போட்டோ எடுத்து அதை ஜன்னலில் மாட்டினார். தெருவே வந்து பார்த்தது. சித்தப்பா படத்தில் விழுந்திருக்கிறாரா என்று பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு மூலைமூலையாகத் தேடினார். இல்லை என்று தெரிந்ததும், தலை சீவிக்கொண்டு தன்னையும் ஒன்று எடுக்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். பதினோரு நாள் தையல்காரர்கூட மனைவியோடு வந்து நின்றார். தீபாவளி வரைக்கும் சயாவுக்குக் கை ஓயவில்லை. எங்கள் வீடும் எங்களுக்கே நின்றது.

அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அம்மா பல் தெரியச் சிரிக்கிறாள். மாமா நடுவில் நிற்கிறார். நான் என்னைப் படம் எடுக்க வேண்டாம் என்று சொன்னவன் மாதிரி இருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. மாமா அதில் உட்காரப் போனபோது, சயா பணிவாக அவர் தோளைத் தொட்டுத் தடுத்து, நடுவில் நிற்க வைத்தார். ஆளை எண்ணுவதில் தவறிவிட்டார், சொல்ல வெட்கப்படுகிறார் என்று எண்ணி, நானும் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பா அந்தக் காலி நாற்காலியின் முதுகைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று ஆலையிலிருந்து நேராக வந்தவர். களைப்பில் சாய்ந்து நிற்கிறார் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.