சூப்பர்வைசர் படித்த சீட்டு

நம் கூட்டத்தில் தெருக் கூட்டுகிற எல்லாருக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அவ்வளவு சந்தோஷம்!

ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலிருந்த என் குழந்தை போய் இருபது நாள் ஆகிறது. டாக்டர் ஆறு வாரம் லீவு எழுதியிருக்கிறார்.

இன்று காலை இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் மத்தி வாங்கிக்கொண்டு நின்றேன். நாங்கள் தெருக் கூட்டுகிற இடத்துச் சூப்பர்வைசர் வந்துவிட்டார். மலையாளி; அண்ணன் என்பதற்குச் சேட்டன் என்று கூப்பிடுவோம்.

"மீன் வாங்க நடக்கலாம், துடைப்பம் பிடிக்க முடியாதோ? வேலைக்கு ஆளில்லா, மோளே, நாளைக்கு வரணும் கேட்டோ" என்றார், மகளைக் கூப்பிடுவதுபோல.

எப்போதும் சரி என்றுதான் சொல்வேன். இன்று பர்ஸிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்களே படிச்சுச் சொல்லுங்க சேட்டா."

மீன் விற்கிற அக்கா விடவில்லை. "சத்தமா படிங்க சேட்டா, நாங்களும் கேக்கறோம்!"

படித்தார். குழந்தை விஷயம் வந்த இடத்தில் அவர் குரல் நின்றுபோனது. எனக்குக் கண் நிறைந்தது. பிறகு மெதுவாக, "ஆறு வாரம் வேலை பாடில்லா, செய்யக் கூடாது. பாரமும் தூக்கக் கூடாது" என்றார்.

"அப்ப இதைப் பிடிங்க" என்று மீன் பையை அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஆட்டோ வரைக்கும் தூக்கி வந்தார்!

சூப்பர்வைசரிடமே வேலை வாங்கியவள் நம் கூட்டத்தில் நான் மட்டும்தானா? வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.