பட்டைத் தொட்டியில் ஊறிய கோடாலி

ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். எங்கள் ஷாப்பு முதலாளிக்குப் புதிதாக ஒரு மாப்பிள்ளை வாய்த்தார். வேலூர் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. நிக்காஹ் முடிந்த கையோடு தோல் சங்கதி முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. சிலருக்குச் சீதனத்தோடு ஞானமும் வந்து சேரும் போலிருக்கிறது.

தோலை ஊறவைக்கும் ஆவாரம்பட்டைத் தண்ணீர் காய்ச்ச விறகு பிளப்பது என் வேலை. கோடாலி என் சொந்தம், அப்பா விட்டுப்போன இரும்பு. அதன் காம்பு முறிந்துவிட்டதால் கருவேலங்கட்டை ஒன்றைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, கோடாலிக் கண்ணில் இறக்கி ஆப்பு அடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு, அத்தர் வாசனை, மூக்கில் கைக்குட்டை. தொட்டித் தண்ணீரில் விரல் நுனியைக்கூட வைக்காத மனிதர்.

"இத்த இன்னா பண்ணப் போறே?"

"ராவெல்லாம் தண்ணில ஊறப் போட்டா கட்டை உப்பி இறுகிக்கும்ங்க."

"பச்சைத் தண்ணியா? தோலையே இறுக்குற பட்டைத் தண்ணி தொட்டி தொட்டியா கெடக்குது. அதுல போடு, ஜல்தி இறுகும்."

இரும்பு பட்டால் பட்டைத் தண்ணீர் மையாகக் கறுத்துவிடும். ஷாப்பு வாசலில் வேர்க்கடலை விற்கிறவனுக்கும் தெரிந்த விஷயம் இது. "தோலு பூரா கறுத்துப்பூடுங்க" என்றேன்.

"நீ வெறகு பொளக்குற வேலைய மட்டும் பாரு" என்றார்.

சரி என்று கோடாலியைப் பச்சைத் தண்ணீர் அண்டாவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் வந்தால் ஒரே கூச்சல். தொட்டியிலிருந்து எடுத்த ஆட்டுத்தோலெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுப்பு. பக்கத்திலேயே என் கோடாலி சொட்டச் சொட்டக் கிடந்தது.

"யாருதுரா இது?" என்றார் முதலாளி.

"என்னுதுங்க" என்றேன். தோலைக் கெடுத்தவன் என்று பெயர் வந்துவிட்டால் இந்த ஷாப்பு மட்டுமா, வாணியம்பாடி வரைக்கும் எவனும் என்னை வாசலில் நிற்கவிட மாட்டான். அப்புறம் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஏது?

மாப்பிள்ளை கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "இவன்தான் மாமா! வாணாம் வாணாம்னு நான் அவ்ளோ சொன்னேன்!" என்று பையிலிருந்து கையை உருவி என்னை நோக்கி நீட்டினார்.

நீட்டிய விரல் கன்னங்கரேல் என்றிருந்தது. மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு. அண்டாவில் கிடந்த கோடாலியைத் தொட்டிக்கு மாற்றி, இறுகிவிட்டதா என்று எடுத்தும் பார்த்த கை.

முதலாளி அந்த விரலைப் பார்த்தார். யாரும் கேட்காமலே நான் என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். காய்ப்பும் அழுக்கும் இருந்தன, கறுப்பு இல்லை.

"மாப்ளே, மொதல்ல போய் கையக் கழுவுங்க" என்றார் முதலாளி. அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை, பேச்சு இல்லை. கூலிக்காரன் கெடுத்தால் குற்றம், மருமகன் கெடுத்தால் நஷ்டம். எனக்கு அன்று எரிந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காம்பு நன்றாகவே இறுகியிருந்தது. மாப்பிள்ளை சீயக்காய், அரப்பு என்று எதை எதையோ போட்டுத் தேய்த்தும் கறை லேசில் போகவில்லை. கை வெளுத்த பிறகும், நான் இருக்கும் பக்கம் அவர் விரல் நீட்டிப் பேசியதே இல்லை.