நீலத் திரை கேட்ட தேர்வாளர்

தமிழ்மொழி கோபப்பட்டால் சத்தம் போடமாட்டாள். கீபோர்டைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டுவாள். அரியலூர் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பி அதில் படிந்த தூசி பொலபொலவென்று கொட்டும்.

குன்னம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேபுக்கு அவள்தான் பொறுப்பு. நாங்கள் பெரம்பலூரில் ஒன்றாகப் படித்தவர்கள். ஊர் ஊராக, நாடு நாடாக வேலை பார்த்துவிட்டு நான் திரும்பியிருந்த நேரத்தில் உதவிக்குக் கூப்பிட்டாள்.

அங்கிருந்தவை எல்லாம் கிழட்டு மெஷின்கள். திருட்டு விண்டோஸ், எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் வைரஸ். ஒரு புரோகிராமைத் திறப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். லேப் கட்டணம் வாங்கும் நிர்வாகம் ஒரு மௌஸ்கூட வாங்கித் தராது. தமிழ்மொழி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டாள்.

எதில் புரோகிராம் எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. நான் வேலை பார்த்த இடங்களில் எல்லோரும் வைத்திருந்த பெரிய எடிட்டரை ஒரு மெஷினில் போட்டேன். மௌஸ் அம்பு அசையவே இல்லை.

"நீ பாத்த ஊருக்கெல்லாம் இது சரிடி. இங்க மூச்சு வாங்குது பாரு."

"அப்ப விம்னு ஒரு எடிட்டர் இருக்குல்ல, அதப் போடு. எடமே அடைக்காது."

"போட்டுப் பாத்துட்டேன். உள்ள போன புள்ளைங்களுக்கு வெளிய வரத் தெரியல. ஒருத்தி பிளக்கையே புடுங்கிட்டா."

கடைசியில் ஜீனி என்ற சின்ன எடிட்டரைத் தேர்ந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் ஜிசிசி என்ற கம்பைலர் புரோகிராமைச் சோதித்து, தவறான வரியைச் சிவப்பில் காட்டும். கொஞ்ச நாளில் பிள்ளைகள் தவறுகளைத் தாங்களே கண்டுபிடித்துத் திருத்தினார்கள். இறுதியாண்டு மாணவி அனிதாவுக்குத் திருச்சிக் கம்பெனி ஒன்று வேலைகூடக் கொடுத்துவிட்டது. செய்முறைத் தேர்வில் தேறினால் போதும்.

அந்தத் தேர்வுக்கு வெளிக்கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்தவர் மணிவண்ணன். திரையைப் பார்த்ததும் நின்றார்.

"புளூ ஸ்கிரீன் எங்கம்மா?"

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள் ஒன்று உண்டு. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. வெளியில் வேலை செய்கிற எவரும் அதைத் தொடுவதில்லை. இங்கே பல கல்லூரிகள் அதை இன்னும் விடவில்லை.

"இது லினக்ஸ் சார். அதே சி லாங்குவேஜ் புரோகிராம்தான். சிலபஸ்ல சாஃப்ட்வேர் பேரே போடல."

"ரெக்கார்டு நோட்டுல கிளியர் ஸ்கிரீன் வரி இருக்கே, இங்க ஓடுமா?"

ஓடாது. திரையைத் துடைக்கும் அந்த வரி பழைய மென்பொருளுக்கு மட்டும்தான் புரியும்.

"அப்ப லேப் சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்றவர், மாணவிகளை வெளியே அனுப்பினார். சித்திரை வெயில்.

முதல்வர் இளையபெருமாள் ஓடிவந்தார். "ஒன்னய யாரும்மா இந்த வேலையெல்லாம் பாக்கச் சொன்னா? மத்தியானத்துக்குள்ள பழசப் போடு."

"எல்லா மெஷின்லயுமா சார்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. புள்ளைங்க ஃபெயிலானா நீதான் பொறுப்பு."

"அந்தாளுகிட்ட நான் பேசறேன்" என்று எழுந்தேன்.

"உக்காரு. நீ பேசிட்டு பிளைட் ஏறிடுவ. அனிதா எங்க போவா?"

தமிழ்மொழி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். எடிட்டரின் பின்னணியை நீலமாக்கினாள், எழுத்தை மஞ்சளாக்கினாள். திரையைத் துடைக்கும் வரிக்குப் பொருள் சொல்லும் கோப்பு ஒன்று பழைய மென்பொருளில் உண்டு; அதே பெயரில் ஒரு குட்டிக் கோப்பை எழுதினாள். துடைக்கும் வரி இப்போது இங்கேயும் ஓடியது. அவள் செய்ததை நான் மற்ற மெஷின்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த மணிவண்ணன் எட்டிப் பார்த்தார். "ஆங். இப்பதான் லேப் மாதிரி இருக்கு."

தேர்வு நடந்தது. எல்லோரும் தேறினார்கள். மதிப்பெண் உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கிளம்பியபோது, தமிழ்மொழி வாசலை மறித்து நின்றாள்.

"சார், இதுவும் லினக்ஸ்தான். காலையில இருந்ததேதான். கலர மாத்தி, ஒரு ஃபைல் சேத்தேன். அவ்வளவுதான்."

அவர் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்மா. மேல ஜீனின்னு பேரு போட்டிருக்குல்ல."

"அப்பறம் ஏன் சார்?"

"நாளைக்கு யாராச்சும் கேட்டா நான்ல பதில் சொல்லணும்? நீலமா இருந்தா ஒருத்தனும் கேக்கமாட்டான்."

"அதுக்கா சார் புள்ளைங்கள வெயில்ல நிக்க வச்சீங்க?"

அவர் கார் சாவியைத் தேடினார். முதல்வர் குறுக்கே புகுந்து, "டீ சாப்பிட்டுப் போலாம், வாங்க சார்" என்று அவரை அழைத்துப் போனார். வழியனுப்பிவிட்டு வந்து சொன்னார்:

"அடுத்த பேட்சுக்கும் நீலமே இருக்கட்டும்மா. மொத வருஷத்துலேருந்தே பழக்கிடு."

"மாட்டேன் சார்."

"என்னது?"

"பரீட்சையன்னைக்கு வேணா பெயிண்ட் அடிச்சு வைக்கிறேன். மத்த நாள்ல காலையில இருந்த மாதிரிதான். புடிக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் வராது என்று அவருக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

தமிழ்மொழி முதல் மெஷினில் உட்கார்ந்து நீலத்தை மாற்றி, தேர்வுக்காகச் சேர்த்த குட்டிக் கோப்பை அழித்தாள். ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றிலும் அழித்துவிடலாமே என்றேன்.

"வேணாம். ஒவ்வொண்ணா நானே அழிக்கிறேன். அப்பவாச்சும் ஆத்திரம் அடங்குதான்னு பாக்கறேன்."

கடைசி மெஷினுக்கு வந்தபோதும் அடங்கியிருக்கவில்லை.