கரண்டு பெட்டியும் மாமாவின் இங்கிலீஷும்

எங்கள் அப்பா வழியில் நின்று நின்று பேசுகிற மனிதர் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மத்திகிரி கால்நடைப் பண்ணையில் பொலிகாளைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பண்ணை வீட்டிலிருந்து காளைக் கொட்டகைக்குப் போகிற சாலை நீளமானது. அந்தச் சாலையில் அப்பா கொஞ்ச தூரம் நடப்பார், நிற்பார். எதிரே பால் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிக்காரரிடம் தெலுங்கில் அவர் மாமியாரின் உடம்பை விசாரிப்பார். இன்னும் கொஞ்சம் போய், வேலியைப் பிடித்துக்கொண்டு கன்றுகளைப் பார்ப்பார். யாரும் எதுவும் இல்லாத இடமாக இருந்தால் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார். நானும் அண்ணாந்து பார்ப்பேன். மரத்தில் ஒன்றும் இருக்காது.

கெண்டைக்கால் சதை கயிறு முறுக்கின மாதிரி இழுத்துப் பிடிப்பதால்தான் அவர் நிற்கிறார் என்பது அம்மாவுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். ஒருநாள் காலையில் காளையை நடத்திக்கொண்டு போனவர் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். கயிறு கையைவிட்டுப் போனபிறகும் அந்தக் காளை நகராமல் பக்கத்திலேயே நின்றதாம். பண்ணை அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். காலைச் சரிபண்ணிக்கொள்ளாவிட்டால் காளை வேலைக்கு வேறு ஆள் போடவேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் வீடும் போய்விடும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

அப்போதுதான் மாமா பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் சாமான் அறையில் வேலை பார்த்தார். எனக்கு அவர் மாமா, அவருக்கு அப்பா மாமா. எங்கள் வீட்டில் யாராவது 'மாமா' என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேன்ட் போட்டுக்கொண்டு, பையில் பிஸ்கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். 'ஸ்டோர்' என்பார், 'ஓவர்டைம்' என்பார், கோபம் வந்தால் 'நான்சென்ஸ்' என்பார். அதற்கு மேல் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று சோதித்துப் பார்க்க எங்களில் யாருக்கும் வழியில்லை.

பெங்களூர்ப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அப்பாவைக் கூட்டிப்போனார். நானும் போனேன். வெள்ளைக்கார டாக்டரம்மா அப்பாவின் பாதத்தின் மேல் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நாடி தேடினார். பிறகு மாமாவைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். அந்தம்மா பேசியது நெடுநேரம். மாமா சொன்னது கொஞ்சம்.

"காலுக்கு ரத்தம் சரியா எறங்கலயாம் மாமா. பீடி கூடவே கூடாதாம். தெனமும் கரண்டு வெச்சு சதையை ஆட வெக்கணுமாம். நடக்கறப்ப வலி வந்தா ஒடனே நின்னு ஒக்காந்துரணும். அவ்வளவுதான்."

அப்பா டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். தினமும் அவ்வளவு தூரம் வரமுடியாது என்பதால், ஆஸ்பத்திரியில் இருந்த பழைய கரண்டு பெட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுத்தார்கள்.

சின்ன மரப்பெட்டி. உள்ளே பேட்டரி. திருகைத் திருப்பினால் வண்டு மாதிரி ரீங்காரம் செய்யும். இரண்டு ஒயர்களின் நுனியில் தகடு. அதை ஈரத்துணியில் சுற்றிக் கெண்டைக்காலில் கட்டவேண்டும். பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட மாமா முதலில் தன் காலிலேயே கட்டிக்கொண்டார். திருகை அளவுக்கு மேல் திருப்பிவிட்டார் போல. பேன்ட் சுருட்டிய காலை உதறிக்கொண்டு எழுந்தவர், "நல்லா வேலை செய்யுது" என்று மட்டும் சொன்னார். அப்பாவின் காலில் வைத்தபோது, தோலுக்கடியில் தவளை புகுந்ததுபோல் சதை துள்ளியது. அக்கம்பக்கத்து வீடுகளில் மின்சாரமே வராத காலம். பண்ணைக் குடும்பங்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போயின. அப்பா உட்கார்ந்திருக்கிறார், கால் மட்டும் தானாக வேலை செய்கிறது. இனி அப்பா நடக்கவேண்டியதில்லை, அவருக்காகப் பெட்டியே நடந்துவிடும் என்று நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன். பெரியவர்கள் நினைத்ததும் ஏறக்குறைய அதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா பஸ் கூரையில் ஒரு பிரம்பு நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்தார். "அக்கா, மாமாவ நடக்க மட்டும் வுடாத" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு பண்ணை அதிகாரியைப் போய்ப் பார்த்து, தன் இங்கிலீஷையெல்லாம் செலவழித்து, அப்பாவுக்குத் தீவன அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை வாங்கிக்கொடுத்தார். பால் வண்டிக்காரர் காலையில் வீட்டு வாசலில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போய் மாலையில் கொண்டுவந்து விட்டார். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தால் அம்மா ஓடிவந்து உட்காரவைப்பாள். இவ்வளவு அன்பாக ஒரு மனிதரை எல்லோரும் பார்த்துக்கொண்டதை அதற்குப் பிறகு நான் எங்கும் கண்டதில்லை.

வலி அடியோடு நின்றுபோயிற்று. நடந்தால்தானே வலிப்பதற்கு? இதை யாரும் யோசிக்கவில்லை. பெட்டியைப் புகழ்ந்தார்கள், மாமாவைப் புகழ்ந்தார்கள். காளைகளைப் பார்க்கவந்த புது ஆளிடம் அப்பா நாற்காலியில் இருந்தபடியே சொல்லுவார்: "காளைய தெனம் நடத்து தம்பி. கட்டியே போட்டயின்னா காலு போயிடும்." சொல்லிவிட்டுக் காலில் கரண்டு வைத்துக்கொள்வார். பீடியை விட்டாரா என்றால், அம்மா எதிரில் விட்டார்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் வலது கால் பெருவிரல் நுனியில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. விரல் கறுத்தது. இப்போது உட்கார்ந்திருக்கும்போதே வலித்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

போன தடவை இல்லாத ஒரு நர்ஸம்மா இந்தத் தடவை இருந்தார். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். மாமா காபி வாங்கப் போயிருந்தார். நர்ஸம்மா கட்டைப் பிரித்துக்கொண்டே, தினமும் எவ்வளவு நடக்கிறீர்கள் என்று அப்பாவைக் கன்னடத்தில் கேட்டார். அப்பாவுக்கும் எனக்கும் கன்னடம் தமிழ் மாதிரிதான். நடக்கவே இல்லை, வீட்டில் நடக்கவிடுவதே இல்லை என்று அப்பா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

நர்ஸம்மாவின் கை நின்றது.

"நடீபேகு அண்ணா," என்றார். நடக்கவேண்டும். கரண்டு சதையை எழுப்புவதற்குத்தான், எழுப்பிவிட்டு நடக்கவேண்டும். வலி வந்தால் நின்று, விட்டதும் திரும்ப நடக்கவேண்டும். நடக்க நடக்கத்தான் ரத்தம் தனக்கு வேறு வழி தேடிக்கொள்ளும். டாக்டரம்மா எல்லோருக்கும் இதைத்தானே சொல்லுகிறார், உங்களுக்கு மட்டும் யார் வேறு மாதிரி சொன்னது?

அப்பா வராந்தாவைப் பார்த்தார். கோடியில் மாமா வந்துகொண்டிருந்தார். தம்ளரில் இருந்த காபி சிந்தாமல் இருக்க, கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து வந்தார்.

"யாரும் சொல்லலம்மா," என்று அப்பா கன்னடத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார். "எனக்குத்தான் சோம்பேறித்தனம்."

நர்ஸம்மா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். மாமா வந்து தம்ளரை நீட்டினார்.

"என்ன மாமா சொல்லுது அந்தம்மா?"

"ஒண்ணுமில்ல. பண்ணையில என்ன காளைங்க இருக்குதுன்னு கேட்டுச்சு."

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இல்லப்பா, அவங்க நடக்..."

"கண்ணு, இந்தா, காபி குடி" என்று அப்பா தம்ளரை என் வாயருகே கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் காபி கிடையாது. நான் குடித்தேன்.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று மாமா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். கட்டிலில் படுத்திருந்த அப்பா அவரைக் கூப்பிட்டு, "நீ மட்டும் இல்லன்னா இந்தக் காலு எப்பவோ போயிருக்கும்டா" என்றார். மாமா அதை நம்பினார். ஒற்றைக்காலோடு வண்டியில் ஏறி இறங்கித் தீவன அறைக்குக்கூடப் போய்வர முடியாமல், பிறகு அப்பா பண்ணை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். மாமா ஞாயிறு தவறாமல் வருவார். டாக்டரம்மா என்ன கேட்டார், தான் இங்கிலீஷில் என்ன பதில் சொன்னார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவார். அப்பா பக்கத்தில் இருந்து "ஆமா, ஆமா" என்பார். மாமா சாகும்வரை இது நடந்தது. அதற்குப் பிறகும் நர்ஸம்மா சொன்னதைப் பற்றி அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நடந்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று, வளர்ந்தபிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். சொல்லமுடியாது, பீடி ஒன்றே போதும் காலை வாங்கிக்கொள்ள என்றார். இருக்கலாம். ஆனாலும் அந்த மாதங்களை அப்பா நாற்காலியில் கழித்திருக்க வேண்டாம். ஒரு வாக்கியத்தில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்துசேராமல் போயிற்று. அதைத் தேடிப்போக யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு அந்த வராந்தாவில் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் வேறொன்றை நினைத்தேன். இங்கிலீஷ் தெரிந்த மனிதரிடம், கன்னடத்தில் கேட்டதைச் சொல்ல அப்பாவுக்குப் பயம் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய காளைகளை அடக்கின மனிதர் மாமாவிடம் போய் இப்படிப் பயப்படுகிறாரே என்று, பஸ்ஸில் திரும்பி வருகையில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இளக்காரம்கூட வந்தது.